கெட்டி உடோன் சரியாக வரவில்லையா? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

திருவனந்தபுரம் போய்வருகிறவர்கள் வாங்கி வருகிறார்கள். வளைகுடாவிலிருந்து லீவுக்கு வருகிறவர்களின் பெட்டியிலும் இரண்டு பாக்கெட்டாவது இருக்கிறது. மார்த்தாண்டம், குழித்துறை, களியக்காவிளை பக்கத்து வீடுகளில் இந்த வெள்ளை வெளேர் என்ற தடித்த ஜப்பான் நூடுல்ஸ், அதாவது உடோன், இப்போது புதுப் பொருள் அல்ல. ஆனால் முதல் தடவை சமைத்தவர்களில் பலர் "இது நமக்கு ஒத்துவராது" என்று விட்டுவிடுகிறார்கள். எனக்கு அது வருத்தமாக இருக்கிறது, ஏனென்றால் பெரும்பாலான கோளாறுகளுக்குக் காரணம் ஒன்றுதான்: பாக்கெட்டில் இருப்பது ஏற்கனவே வெந்த நூடுல்ஸ். அதை நாம் பச்சை நூடுல்ஸாக நினைத்து மறுபடி வேக வைக்கிறோம், அல்லது வெந்ததுதானே என்று சூடே காட்டாமல் சட்டியில் போடுகிறோம். இரண்டும் தப்பு. அதற்குத் தேவை சரியான அளவு சூடு மட்டுமே.

அறிகுறிக்குப் போகும் முன் கையில் இருப்பது எந்த வகை என்று பாருங்கள். கடையில் சாதாரண அலமாரியில், காற்று இல்லாமல் இறுக்கி அடைத்து, கிட்டத்தட்ட 200 கிராம் எடையில் இருப்பது ஒரு வகை. இது பல மாதம் வெளியிலேயே இருக்கும். ஃப்ரீசரில் கல்லாக இருப்பது இன்னொன்று. குச்சி குச்சியாகக் காய்ந்திருப்பது மூன்றாவது. அதைப் பத்து நிமிடத்துக்குப் பக்கமாக வேக வைக்க வேண்டும், அது இந்தக் கட்டுரைக்கு வெளியே. கீழே சொல்வதில் பெரும்பகுதி அலமாரி வகைக்கு, கடைசியில் ஃப்ரீசர் வகைக்கு.

பாக்கெட்டைப் பிரித்தால் புளித்த மணம்

"யக்கா, புளிச்ச மணம் வருது, கெட்டுப் போச்சோ?" என்று பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் என்னிடம் அதிகம் கேட்பது இதைத்தான். கெடவில்லை. வெந்த நூடுல்ஸில் ஈரம் அதிகம், சும்மா அடைத்து வைத்தால் சில நாளில் கெட்டுவிடும். அதனால் தொழிற்சாலையில் வேகவைத்த பிறகு லேசான அமிலக் கரைசலில் நனைத்து, உறையில் அடைத்து, அப்படியே சூடு காட்டிக் கிருமியை ஒழிக்கிறார்கள். உறையின் பின்பக்கம் அமிலச் சீராக்கி என்ற பொருளில் ஒரு வரி இருக்கும், 270 என்ற எண்ணும் இருக்கலாம். அது லாக்டிக் அமிலம், தயிரைப் புளிக்க வைக்கிற அதே அமிலம்.

சரி, மணம் போக என்ன செய்வது? பாக்கெட் ஒன்றுக்கு ஒரு லிட்டர் தண்ணீரைத் தளதளவென்று கொதிக்க விடுங்கள். நூடுல்ஸைப் போட்டு ஒரு நிமிடம், அதிகம் போனால் ஒன்றரை. அரிப்பில் வடிகட்டி, மேலே இன்னொரு குவளை சுடுதண்ணீர் ஊற்றி விடுங்கள். புளிப்பில் பெரும்பகுதி அந்தத் தண்ணீரோடு போய்விடும். வடித்த தண்ணீரைக் குழம்புக்கோ சூப்புக்கோ சேர்க்காதீர்கள். இத்தனைக்குப் பிறகும் புளிப்புத் தெரிந்தால் பெரும்பாலும் தண்ணீர் குறைவாக வைத்திருப்பீர்கள். இரண்டு பாக்கெட்டை அரை லிட்டரில் போட்டால் புளிப்பு அதே தண்ணீரில் சுற்றிச் சுற்றி நூடுல்ஸிலேயே திரும்ப ஏறும்.

புளிப்பை அடக்க ஆப்பசோடா போடலாமே என்று சிலர் சொல்கிறார்கள். வேண்டாம். சோடாவின் காரத்தன்மை சேர்ந்தால் கோதுமை மாவு மஞ்சளிக்கும், மேல்பக்கம் வழுக்கும், வாயில் சோப்பு ருசி தங்கும்.

உண்மையிலேயே கெட்டது வேறு மாதிரி இருக்கும். உறை காற்றடைத்து உப்பியிருக்கும், கறுப்பு அல்லது பச்சைப் புள்ளி தெரியும், தொட்டால் நூல் இழுக்கும், புளிப்பைத் தாண்டி அழுகல் வாடை வரும். உப்பிய உறையைப் பிரித்து முகர்ந்து பார்ப்பதும், ருசி பார்ப்பதும் கூடாது. தேதி மிச்சம் இருந்தாலும் தூக்கிப் போட்டுவிடுங்கள்.

கட்டியாக ஒட்டிக்கொண்டு, பிரித்தால் துண்டு துண்டாகிறது

உறைக்குள் நூடுல்ஸ் செங்கல் வடிவத்தில் அழுந்திக் கிடக்கும். குளிர்ந்த மாவுச்சத்து இறுகியிருப்பதால் இழைகளுக்கு வளையும் தன்மை இருக்காது. அந்த நிலையில் விரலை விட்டுப் பிரித்தால் உடையத்தான் செய்யும். கொதிக்கிற தண்ணீரில் கட்டியை முழுசாக இறக்கி, முக்கால் நிமிடம் தொடாமல் விடுங்கள். ஓரத்து இழைகள் தாமாக அசைய ஆரம்பித்ததும் ஒரு குச்சியையோ முள்கரண்டியையோ நடுவில் விட்டு மெல்ல அகற்றினால் போதும். கரண்டியால் குத்த வேண்டாம். இந்த ஒரு பழக்கம் வந்தாலே பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

மைக்ரோவேவ் வைத்திருப்பவர்கள் உறையை அகற்றி, தட்டில் வைத்து, இரண்டு கரண்டி தண்ணீர் தெளித்து மூடி, ஒன்றரை நிமிடம் சூடாக்கலாம். பிரிவது நன்றாகப் பிரியும். புளிப்பு மட்டும் போகாது, பிறகு சுடுதண்ணீரில் அலச வேண்டும்.

நடுவில் மாவு மாவாக, சுண்ணாம்புபோல் உதிர்கிறது

இப்படி ஆனால் அந்தப் பாக்கெட் ஃப்ரிட்ஜில் இருந்திருக்கும். இரவு மிஞ்சிய சோற்றை ஃப்ரிட்ஜில் வைத்தால் காலையில் விறைத்து நிற்கிறதே, அதேதான் இங்கும் நடக்கிறது. வெந்த மாவுச்சத்து உறைநிலைக்குச் சற்று மேலே, 0 முதல் 5 டிகிரிக்குள்தான் மிக வேகமாக மறுபடி இறுகும். அலமாரி வகையை வாங்கி வந்ததும் பத்திரம் என்று நினைத்து ஃப்ரிட்ஜில் வைக்கிறோம், அதுவே கெடுதல். சமையலறையில் வெயில் படாத, அடுப்புச் சூடு படாத தட்டில் வையுங்கள். அதை ஃப்ரீசரிலும் போடாதீர்கள், எடுக்கும்போது நொறுங்கும். ஏற்கனவே விறைத்துப் போயிருந்தால் பயமில்லை, கொதிநீரில் இரண்டு நிமிடம் விட்டால் பெரும்பாலும் மீண்டுவிடும்.

குளிர்ச்சியாகச் சாப்பிடுகிற உடோனிலும் இதே உதிர்வு வரும். "எப்படியும் ஜில்லென்று சாப்பிடப் போகிறோம்" என்று உறையிலிருந்து எடுத்துக் குழாய்த் தண்ணீரில் அலசி வைத்தால் நடுப்பகுதி மாவாகவே இருக்கும். முதலில் சூடாக்க வேண்டும், பிறகுதான் ஐஸ் தண்ணீரில் கையால் தேய்த்து அலச வேண்டும். ஜப்பானில் கடைகளில் செய்கிற குளிர் உடோனும் இந்த வரிசையில்தான்.

குழைந்து போகிறது

நேரம் அதிகமாகிவிட்டது, அவ்வளவுதான். மூன்று நிமிடம் கொதித்தால் மேல்பக்கம் கரைய ஆரம்பிக்கும். சூப்பிலேயே போட்டு மூடி வைத்து, எல்லோரும் குளித்துவிட்டு வரட்டும் என்று காத்திருந்தாலும் இதே கதி. சூப் தனி, நூடுல்ஸ் தனி. ஆள் உட்கார்ந்த பிறகு கிண்ணத்தில் நூடுல்ஸ் போட்டு மேலே கொதிக்கும் சூப்பை ஊற்றுங்கள்.

சீனச்சட்டியில் ஒட்டுகிறது, உடைகிறது, சப்பென்று இருக்கிறது

வதக்கிய உடோன் நம் வீடுகளில் அதிகம் செய்வதால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஒட்டுவதற்குக் காரணம் சட்டி போதுமான சூடு ஏறாததும், நூடுல்ஸ் ஈரமாக இருப்பதும். அலசியதை அரிப்பிலேயே இரண்டு நிமிடம் வைத்து நீர் வடிய விடுங்கள், ஆனால் ஆற விட வேண்டாம். வதக்கலுக்கு என்றால் ஒரு சிறு கரண்டி எண்ணெய் பிசறி வைக்கலாம். சூப்புக்குப் போகிற நூடுல்ஸில் எண்ணெய் பிசறினால் சூப்பு பிடிக்காமல் வழுகும், அதற்குச் செய்யாதீர்கள். இரும்புச் சட்டியை லேசாகப் புகை எழும்வரை காயவிட்டு எண்ணெய் ஊற்றி, காய்கறியை முதலில் வதக்கித் தனியே எடுத்துவிடுங்கள். அதே சட்டியில் நூடுல்ஸைப் பரப்பி அரை நிமிடத்துக்கும் மேலே அப்படியே விடுங்கள். கீழ்ப்பக்கம் கொஞ்சம் சிவந்து தானாகவே சட்டியை விடும். அதற்கு முன் கிளறினால்தான் தோல் உரிந்து பிடித்துக்கொள்ளும்.

வீட்டு அடுப்பில் ஒரு தடவைக்கு இரண்டு பாக்கெட்டுக்கு மேல் போடாதீர்கள். ஐந்து பேருக்கு என்றால் மூன்று தடவையாகச் செய்வது நல்லது. மொத்தமாகப் போட்டால் சட்டிச் சூடு இறங்கி, முட்டைக்கோஸ் விடுகிற தண்ணீரில் எல்லாம் வெந்துகொண்டிருக்கும், வதங்காது. காய்கறிக்கு உப்பையும் கடைசியில் போடுங்கள், முன்னதாகப் போட்டால் தண்ணீர் விட்டுவிடும்.

சப்பென்று இருப்பது வேறு விஷயம். இந்த நூடுல்ஸ் தடி அதிகம், சுவை உள்ளே போகாது, மேலே பூசிக்கொள்ள மட்டும்தான் முடியும். அதனால் நீர்த்த சாஸ் ஊற்றினால் சட்டியின் அடியில் தேங்கும், நூடுல்ஸ் வெளுத்தபடியே இருக்கும். சாஸ் கெட்டியாக, இயல்பைவிட ஒரு படி தூக்கலாக இருக்க வேண்டும். சோயா சாஸைக் கடைசி நிமிடத்தில் சட்டியின் ஓரத்தைச் சுற்றி ஊற்றுங்கள். சூடான இரும்பில் பட்டு வாசம் எழும்பி நூடுல்ஸில் ஏறும். ஆரம்பத்திலேயே ஊற்றினால் கருகிக் கசக்கும்.

மாட்டிறைச்சி வறுவல் மிஞ்சியிருந்தால் உடோனோடு அருமையாகச் சேரும். ஆனால் நம்மூர் முறையில் தேங்காய்த் துண்டு போட்டு நன்றாகச் சுருள வறுத்தது என்றால் அது நூடுல்ஸைப் பூசாது, தனித்தனியாகக் கிடக்கும். சட்டியில் கால் குவளை சுடுதண்ணீர் விட்டு அந்த மசாலாவை இளக்கி, மறுபடி சுண்டி வரும்போது நூடுல்ஸைச் சேருங்கள். சோயா சாஸை அரைக் கரண்டியோடு நிறுத்துங்கள், வறுவலிலேயே உப்பு இருக்கிறது. நல்லமிளகு மேலே தாராளமாகத் தூவலாம்.

சூப்பில் மீன் கவிச்சி, கசப்பு, அல்லது உப்புக் கரிப்பு

இங்கேதான் நம் கடற்கரைக்காரர்களுக்கு நல்ல வாய்ப்பும் இருக்கிறது, சறுக்கலும் இருக்கிறது. ஜப்பானில் உடோனுக்குப் பேர்போன ககாவா மாகாணத்தில், பழைய பெயர் சனுகி, சூப்புக்கு அடிப்படையே காய்ந்த நெத்தோலி. அது கேட்டதும் நாமும் குளச்சல், முட்டம் பக்கத்துக் கருவாட்டை எடுத்துப் போட்டுக் கொதிக்க வைக்கிறோம். வருவது கருவாட்டுத் தண்ணீர்.

வித்தியாசம் பதனத்தில் இருக்கிறது. அவர்கள் மீனைப் பிடித்ததும் கொதிநீரில் அவித்து, பிறகு காயவைக்கிறார்கள். நம்முடையது பச்சையாகவே வெயிலில் காய்வது, பல நேரம் உப்பும் சேர்த்து. அதனால் வாடை கூடுதல், உப்பும் கூடுதல், மணலில் காய்ந்ததென்றால் மணலும் உண்டு.

உப்புப் போடாத நெத்தோலி என்று கேட்டு வாங்குங்கள். வெள்ளிபோல் பளபளப்பது நல்லது, வயிறு வெடித்து மஞ்சள் பாய்ந்தது வேண்டாம். தலையையும் வயிற்றுக்குள் இருக்கிற கறுப்பையும் கிள்ளி எடுத்துவிடுங்கள். கசப்பு வருவது அங்கிருந்துதான். ஒரு முறை அலசி, வெறும் சட்டியில் இரண்டு நிமிடம் வறுத்தால் கவிச்சி பெருமளவு போகும். பிறகு ஒரு லிட்டர் தண்ணீருக்கு 25, 30 கிராம் கணக்கில் குளிர்ந்த தண்ணீரில் அரை மணி ஊறவையுங்கள். ராத்திரி முழுக்க ஊறவைப்பதானால் ஃப்ரிட்ஜில் வையுங்கள், நம் சூட்டுக்கு வெளியில் தாங்காது. சிறு தீயில் எட்டு நிமிடம், மூடாமல். நுரையை எடுத்துவிட்டு மெல்லிய துணியில் வடிகட்டுங்கள். துணி முக்கியம், அரிப்பில் மணல் நிற்காது. தளதளவென்று கொதித்தால் எத்தனை கவனமாகக் கிள்ளியிருந்தாலும் கவிச்சி வந்துவிடும்.

நெத்தோலி பிடிக்காத வீட்டில் மாசிக் கருவாடு இருக்கிறது. இதை நான் இன்னும் உற்சாகமாகச் சொல்வேன். ஜப்பானியர்கள் சூப்பில் சீவிப் போடுகிற கட்சுவோபுஷி என்ற காய்ந்த மீன் எந்த மீனோ, மாசியும் அதே வரிச்சூரைதான். மினிக்காய் தீவிலும் மாலத்தீவிலும் அதை அவித்து, புகை போட்டு, காயவைக்கிறார்கள். செய்முறையும் வெகு பக்கம். கட்சுவோபுஷியின் உயர்ந்த வகைக்கு மட்டும் அதற்கு மேல் பூஞ்சை ஏற்றிப் பல மாதம் வைப்பார்கள். மாசியை நகக்கண் அளவு சில்லுகளாக இடித்து, லிட்டருக்கு 20 கிராம் போட்டு, சிறு தீயில் பத்துப் பன்னிரண்டு நிமிடம் விட்டால் புகை மணத்தோடு தெளிந்த சாறு வரும். அதிலும் ஓரளவு உப்பு இருக்கும், சோயா சாஸ் சேர்க்கும் முன் ருசி பாருங்கள்.

கவிச்சியும் இல்லை, கசப்பும் இல்லை, ஆனாலும் ஏதோ குறைகிறது என்றால் கடல்பாசி இல்லை என்று அர்த்தம். கொம்பு என்கிற அந்தக் காய்ந்த பட்டைப் பாசியிலிருந்துதான் 1908இல் ஜப்பானிய வேதியியலாளர் இகெடா கிகுனாயே குளுட்டமேட் என்ற சுவைப் பொருளைப் பிரித்து அதன் சுவைக்கு உமாமி என்று பெயரிட்டார். மீனில் இருக்கிற இனோசினேட் என்ற சுவைப் பொருளும் பாசியின் குளுட்டமேட்டும் சேர்ந்தால் இரண்டும் தனித்தனியாகத் தருவதைவிடப் பல மடங்கு சுவை எழும். லிட்டருக்கு 10 கிராம் போதும். தண்ணீர் கொதிக்கும் முன் எடுத்துவிடுங்கள், கொதித்தால் கொழகொழப்பும் கசப்பும் இறங்கும். பாசி கிடைக்கவில்லையா, காய்ந்த காளானை ஊறவைத்த தண்ணீர் சேருங்கள். மீன் சேர்க்காத வீட்டுக்கும் அதுவே வழி.

சூப் கறுப்பாக, தித்திப்பாக இருக்கிறது

சோயா சாஸ் பாட்டிலைப் பாருங்கள். சீனச் சமையலுக்கான அடர் கறுப்பு வகையில் நிறத்துக்காகக் காரமல் சேர்ந்திருக்கும், சூப்புக்கு ஆகாது. ஜப்பானிய முறையில் காய்ச்சியது கிடைத்தால் நல்லது, இல்லாவிட்டால் லைட் என்று எழுதிய வகை. நிறம் வெளிறியதாயிற்றே என்று கூடுதலாக ஊற்ற வேண்டாம், வெளிறிய வகையில்தான் உப்பு அதிகம். ஒருவருக்கு 350 மில்லி சாறு, ஒன்றரை மேசைக்கரண்டி சோயா சாஸ், ஒரு சிறு கரண்டி சர்க்கரை என்று தொடங்கி உங்கள் நாக்குக்கு மாற்றிக்கொள்ளுங்கள். மிரின் என்ற இனிப்பு மது கேட்கிற இடத்தில் அந்தச் சர்க்கரை போதும். கருப்பட்டி போட்டால் நிறமும் மணமும் நம்மூர்ப் பக்கம் போய்விடும், இதில் அதைத் தவிர்க்கலாம். ஒசாகா பக்கத்துச் சூப் தெளிந்த பொன்னிறம், தோக்கியோ பக்கத்தது கறுத்தது. உங்களுடையது கொஞ்சம் கறுத்திருந்தால் அதற்காகக் கொட்டிவிட வேண்டாம்.

தேங்காய்ப்பால் திரிகிறது, கறி உடோன் நீர்த்துப் போகிறது

மீன்கறி மிச்சத்திலோ தேங்காய்ப்பால் குழம்பிலோ உடோனைப் போட்டுப் பார்க்காத வீடு இங்கே இருக்காது. திரிந்தால் முதல் சந்தேகம் அலசாத நூடுல்ஸ் மேல். அமிலத்தோடு கொதிக்கிற பாலில் இறங்கினால் திரியும். குடம்புளி போட்ட குழம்பென்றால் ஏற்கனவே புளிப்பு இருக்கிறது, இதுவும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். நூடுல்ஸை அலசி, இரண்டாம் பாலில் சூடேற்றி, தலைப்பாலை அடுப்பை அணைத்த பிறகு ஊற்றுங்கள்.

ஜப்பானிய கறி உடோன் கெட்டியாக இருக்கும், நூடுல்ஸில் ஏற வேண்டும் என்பதற்காக. மரச்சீனி மாவை ஒரு கரண்டி குளிர்ந்த தண்ணீரில் கரைத்து, கொதிக்கும் கறியில் ஊற்றிக் கிளறினால் கண்ணாடிபோல் கெட்டியாகும். சோளமாவும் ஆகும். பல உடோன் பாக்கெட்டில் மெல்லுவதற்கு இழுவை தருவதும் இதே மரச்சீனி மாவுச்சத்துதான். கெட்டியாக இருந்த கறி கொஞ்ச நேரத்தில் தண்ணீராகிவிட்டால், ருசி பார்த்த கரண்டியையே திரும்பத் திரும்பச் சட்டிக்குள் விட்டிருப்பீர்கள். எச்சிலில் இருக்கிற அமைலேஸ் என்ற நொதி மாவுச்சத்தை உடைக்கும். தனிக் கரண்டி வையுங்கள்.

குளிர் உடோனில் வெள்ளைத் துகள்

பூஞ்சை அல்ல, தேங்காய் எண்ணெய். 24 டிகிரிக்குக் கீழே அது உறையும். ஐஸ் தண்ணீரில் அலசிய நூடுல்ஸில் ஊற்றினால் மெழுகுத் துளிகளாக நிற்கும். குளிர்ந்த வகைக்கு நல்லெண்ணெய் சில துளிகள் போதும்.

ஃப்ரீசர் பாக்கெட் வீட்டுக்கு வரும்போதே இளகியிருக்கிறது

திருவனந்தபுரத்தில் வாங்கி, பஸ்ஸில் உட்கார்ந்து, பாறசாலையில் நின்று வந்தால் சித்திரை வெயிலுக்கு இளகத்தான் செய்யும். தண்ணீர் கசிந்து முழுக்க மென்மையாகிவிட்டால் மறுபடி ஃப்ரீசரில் வைக்காதீர்கள். இதில் அமிலம் சேர்ப்பதில்லை, அலமாரி வகையைப்போல வெளியில் தாங்காது, மறுபடி உறைந்தால் இழையும் உடையும். அன்றைக்கே சமையுங்கள். இளகியதைக் கொதிநீரில் அரை நிமிடம் காட்டினால் போதும். வெளியோரம் மட்டும் இளகி நடு கல்லாக இருந்தால் உடனே ஃப்ரீசருக்குள் தள்ளி, இரண்டு மூன்று நாளுக்குள் முடித்துவிடுங்கள்.

வாங்கப் போகும்போது ஐஸ் போட்ட தெர்மோகோல் பெட்டி கொண்டு போனால் இந்தத் தொல்லையே இல்லை, மீன் வாங்க வைத்திருக்கிற பெட்டியே ஆகும், நன்றாகக் கழுவியிருந்தால். நல்ல நிலையில் வந்த பாக்கெட்டைச் சமைக்கும் முன் வெளியில் எடுத்து வைத்து இளக விட வேண்டாம். கல்லாக இருக்கும்போதே கொதிநீரில் போட்டு ஒரு நிமிடம். அலமாரி வகையைவிட இது மென்மையும் இழுவையும் கூடுதலாக வரும், புளிப்பும் இருக்காது. இரண்டும் கிடைக்கிற கடையில் நான் கை நீட்டுவது இதற்குத்தான்.